மருந்து படாத இலைகள்

இலையைக் கிள்ள வேண்டும், கீழே போட வேண்டும், அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. கொத்துக்கு மேலே குடை பிடித்த மாதிரி நிற்கிற இலையில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டால் பிஞ்சுக்குக் காற்றுப் போகும், ஈரம் சீக்கிரம் காயும், அதற்காகத்தான் மாமா, என் மாமனார், என்னை இந்த வரிசையில் விட்டிருக்கிறார். திருப்பிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது நானாகப் பார்ப்பது. மூன்று நாளாகப் பார்க்கிறேன். மேலே எண்ணெய்க் கை பட்ட காகிதம் மாதிரி மஞ்சள் வட்டம், திருப்பினால் வெள்ளை, உப்புத்தூளைத் தூவிவிட்ட மாதிரி. செவட்டை. இந்த ஊரில் அந்த நோய்ப் பெயரைச் சொன்னால் ஆம்பிளைகள் குடிக்கிற டீயைப் பாதியில் வைத்துவிடுவார்கள். நல்ல இலையைக் கீழே போடுகிறேன், வெள்ளை பிடித்த இலையை மட்டும் மடியில் போட்டுச் செருகிக்கொள்கிறேன். முந்தாநாள் ஏழு. நேற்றுப் பத்தொன்பது. இன்றைக்குப் பத்து மணிக்குள்ளேயே எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. பந்தல் ஆறடி உயரம், நான் ஐந்தடிகூட இல்லை, கை இரண்டும் தலைக்கு மேலேயே நிற்கிறது, கம்பியில் தொங்குகிற தண்ணீர் விரலில் பிடித்து முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்குகிறது, சனியன், துடைக்கவும் கை இல்லை. இந்தச் சாரலை என்னவென்று சொல்வது. மழை என்றால் பெய்துவிட்டுப் போக வேண்டும். வெயில் என்றால் அடிக்க வேண்டும். இது இரண்டும் இல்லை, குமுளி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிறதெல்லாம் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கையை உதறுகிற மாதிரி நம்ம பக்கம் உதறுகிறது. மண்ணை ஒரு விரல் தோண்டினால் உள்ளே காய்ந்துதான் கிடக்கிறது, வேருக்கு ஒரு சொட்டு இல்லை, இலை மட்டும் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நனைந்துகொண்டே இருக்கிறது. நோய்க்கு வேண்டியதும் அதுதானாம். நனைந்த இலையும் குளிர்ந்த காற்றும். அதற்கு வேண்டியதை அளந்து அளந்து கொடுக்கிறது இந்த மலை, நமக்கு வேண்டியதை மட்டும் மறந்துவிடுகிறது.

ஒரு மாசத்திலாவது நிம்மதி உண்டா இந்தப் பன்னீர் திராட்சைக்கு. சித்திரையில் வெயில் குத்துகிறது என்கிறார்கள், ஆனியில் ஆடியில் சாரல், ஐப்பசியில் அடைமழை வந்து பழுத்த பழத்தை வெடிக்க வைக்கிறது, மார்கழியில் பனி. போன ஐப்பசியில் நான் கர்ப்பமாக இருந்தேன், வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தேன், கொத்துக் கொத்தாக வெடித்துச் சாறு ஒழுகிப் பந்தலுக்குக் கீழே தேனீயும் ஈயுமாகக் கிடந்தது, புளிச்ச வாடை, அன்றைக்கு வாந்தி எடுத்தது இன்னும் தொண்டையில் இருக்கிறது. அதற்கடுத்த காய்ப்பு பனியில் மெதுவாகப் பழுத்து, நல்ல கருப்பு, நல்ல இனிப்பு, ஆனால் பறிக்க நாளாகிப்போனது, அதற்குள் விலை விழுந்து கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அது பிந்தியதால் கவாத்தும் பிந்தியது. சித்திரை முதல் வாரத்திலேயே கொடியை வெட்டியிருந்தால் சாரல் வருவதற்குள் பிஞ்சு தடித்துப்போயிருக்கும், தடித்த காயை இந்த நோய் அவ்வளவாகத் தொடாது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் அடுத்த தோட்டத்தில். வைகாசியில் வெட்டினோம். இன்றைக்கு ஐம்பது நாள். பிஞ்சு மிளகு அளவுக்கு நிற்கிறது, சரியாகச் சாரலுக்கு வாயைக் கொடுத்துக்கொண்டு. எனக்கு இவ்வளவும் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மூன்று வருசமாகக் கம்பிக்குக் கீழே நின்று காது கேட்டுக்கொண்டிருந்தால் தெரியாமல் போகுமா. ஆனால் தெரிந்து என்ன செய்ய. மாமா காலையில் எழுந்து மலையைப் பார்ப்பார், மேகம் உச்சியில் தொப்பி போட்டிருந்தால் ஒரு தலையாட்டு, இடுப்பில் கட்டியிருந்தால் ஒரு தலையாட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். இவர், என் வீட்டுக்காரர், மலையைப் பார்க்கவே மாட்டார், போனைப் பார்ப்பார். "மழைக்கு முப்பது சதவீதந்தான் காட்டுதுப்பா" என்பார். சொல்லும்போதே அந்தப் போன் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக விழும், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் முப்பது சதவீதம். அப்பனும் மகனும் ஒருத்தர் மேலே பார்த்துக்கொண்டு, ஒருத்தர் கீழே பார்த்துக்கொண்டு, நடுவில் இருக்கிற இலையைத் திருப்பிப் பார்க்கிறது யார்?

"என்னத்தா வேணி, மடி பெருத்துக்கிட்டே போகுது, அடுத்ததுக்கு இப்பவே அச்சாரமா?" என்று பக்கத்து வரிசையிலிருந்து ஜக்கம்மா அக்கா. எங்களுக்குக் கூலிக்கு வருகிறவள், ஆனால் வாய் முதலாளி வாய். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறிவிட்டது. "ஆட்டுக்குக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன், எங்கள் வீட்டில் ஏது ஆடு. "ஆடா? ஒங்க வீட்டுல எப்ப வாங்குனீக?" "எங்க அம்மா வீட்டு ஆட்டுக்கு." "ஒங்கம்மா வீடு போடியிலல்ல இருக்கு. எலையப் பஸ்ஸுல ஏத்தி அனுப்பப் போறியாக்கும், டிக்கெட்டு போட்டு?" அவள் சிரித்துக்கொண்டே கிள்ளுகிறாள், நானும் சிரித்தேன், பல்லை மட்டும் காட்டி. பொய் சொல்லவும் தெரியவில்லை, நிஜம் சொல்லவும் வாய் வரவில்லை, என்னத்துக்கு இந்த வாய். கஞ்சி குடிக்கவா. பாப்பா தொட்டிலில் காலை உதைக்கிறது. உதைக்காதே, தூங்கு, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு என் தங்கம், நீ எழுந்தால் பால் கேட்பாய், உட்கார வேண்டும், உட்கார்ந்தால் மடியில் இருக்கிறது தெரிந்துபோகும். தொட்டில் என் பழைய பச்சைச் சேலை, நான்தான் பந்தலைத் தாங்குகிற இந்த இரண்டு கல்லுக்காலுக்கும் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டது. ஏழு மாசப் பிள்ளையை வீட்டில் விட ஆளில்லை, அத்தை போய்ச்சேர்ந்து நாலு வருசம் ஆகிறது, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே. அதனால் நான் எந்த வரிசையில் நின்றாலும் பாப்பாவுக்கு இந்த இடம், வேலி மறைப்பில் காற்றுக் குறைவாக அடிக்கிற இடம். காற்றுக் குறைவாக அடிக்கிற இடத்தில்தான் இலை ஈரமும் காயாமல் நிற்கும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. அன்றைக்கு என்னத்தைத்தான் நினைத்தேன்.

தொட்டிலுக்கு மேலே மருந்து வேண்டாம் என்று கேட்ட அன்றைக்கு நினைத்தது பாப்பா நெற்றியில் இருந்த சொட்டைத்தான். அதற்கு முந்தின தடவை மருந்து அடித்த மறுநாள், காலை ஈரத்தோடு இலை சொட்டுப் போட்டிருக்கிறது, தொட்டிலை விலக்கிப் பார்த்தால் புருவத்துக்கு மேலே வெள்ளையாகக் காய்ந்த ஒரு சொட்டு, அதைச் சுற்றிச் சிவந்து தடித்துக் கிடந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன், பிறகு என் எச்சிலையே துப்பினேன், நாக்கு கசந்தது, இரண்டு நாள் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதனால் போன வாரத்துக்கு முந்தின வாரம், மருந்துக்காரக் குபேந்திரன் அண்ணன் பம்பைத் தூக்கிக்கொண்டு இந்த வரிசைக்கு வந்தபோது, நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நின்றேன், யாரும் இல்லை, வாயைத் திறந்தேன். கல்யாணமாகி வந்து இந்தத் தோட்டத்தில் நான் வாயைத் திறந்து ஒருத்தரிடம் ஒன்று கேட்டது அது ஒரு தடவைதான். "அண்ணே, தொட்டில் கட்டுற எடத்துக்கு மேல மட்டும் விட்ருங்கண்ணே." அவர் முகத்துணியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "விட்டா ஒங்க மாமனார் என்னைய உரிச்சுத் தொங்கவிட்ருவாரும்மா." "தெரியாதுண்ணே. கடை மருந்துதானே, மயில்துத்தம் மாதிரி நீலமாத் தெரியாதுல்ல." அதுவும் நான்தான் சொன்னேன், யோசனைகூட நான்தான் கொடுத்தேன், அவ்வளவு கெட்டிக்காரி. அவர் பாப்பாவைப் பார்த்தார், கன்னத்தைத் தொடப்போய் கையுறையோடு இருக்கிறது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். "சரி, பாப்பாவுக்காக. நாலு கொடிதானே." நாலு கொடி. குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோசம், என்னவோ கலெக்டரிடம் மனுக் கொடுத்து வாங்கின மாதிரி. அந்த நாலு கொடியில்தான் முதல் ஏழு இலை. மூன்றாம் நாள் பக்கத்துக் கொடி. மருந்து பட்ட கொடிதான் அதுவும், ஆனால் அடித்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே, புதிதாக வந்த தளிரில் மருந்து ஏது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, தொட்டில் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, ஒன்றரை ஏக்கர் பந்தலும் அதற்குக் கிழக்கே கிடக்கிறது. இதற்குப் படித்திருக்க வேண்டுமா.

படிப்பும் இந்த வாயால்தான் போனது. நாலாம் வகுப்பில் டீச்சர் தலையைத் தூக்காமல் பேர் வாசிப்பார், அமுதவேணி என்பார், உள்ளேன் டீச்சர் என்று சொல்ல வேண்டும், நான் எழுந்து நிற்பேன், சத்தம் வராது. அவர் பார்க்காமலே கோடு போட்டுவிடுவார். நான் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் இருந்தவளாவது சொல்லியிருக்கலாம், அவளுக்கு அது வேடிக்கை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நாற்பது நாள் வரவில்லை என்று ஆகிப்போனது. அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள், அப்பா வழியெல்லாம் என்னை அடித்துக்கொண்டு வந்தார், பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிவிட்டு எங்கேடி போறே என்று. எங்கேயும் போகலப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அதையும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இங்கே வந்தால் அதைவிட வசதி, மாமனார் முகத்தைப் பார்த்து மருமகள் பேசக் கூடாது. கல்யாணமான புதிதில் மாமாவுக்குச் சோறு போட்டதைச் சுவரிடம் சொல்வேன். "சோறு வச்சாச்சு." சுவர் கேட்டுக்கொள்ளும், மாமா வந்து சாப்பிடுவார். பாப்பா பிறந்த பிறகு சுவருக்கு விடுதலை. "பாப்பா, தாத்தாவுக்குக் குளிக்கத் தண்ணி வச்சிருக்குன்னு சொல்லு." "பாப்பா, தாத்தா துண்டு நனைஞ்சிருக்கு, வேற எடுத்துக்கச் சொல்லு." மாமாவும் பாப்பாவிடமே பதில் சொல்வார். "ஒங்காத்தாகிட்டச் சொல்லு, ரசத்துல உப்பு தூக்கல்னு." பாப்பா இரண்டு பேரையும் பார்த்து எச்சில் ஒழுக்கும். இப்படியே வண்டி ஓடுகிறது. சரி, செவட்டையையும் பாப்பாவிடமே சொல்லிப்பார்க்கலாமா என்று நேற்று நினைத்தேன். பாப்பா, தாத்தாகிட்டச் சொல்லு, ஒன் தொட்டிலுக்கு மேல நோய் விழுந்துருச்சாம், அதுக்குக் காரணம்... எப்படிச் சொல்வது. நாளைக்குப் பெரிய பிள்ளையாகி, என்னால்தான் பந்தல் போச்சா என்று கேட்டால்.

இவரிடமாவது சொல்லிவிடலாம் என்று நேற்றுச் சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். "என்ன?" என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோட்டத்துல..." "தோட்டத்துல என்ன?" "எலை..." "எலைக்கு என்ன, ஏழு மணிக்கு மேல பத்து சதவீதந்தான் காட்டுது, காஞ்சிரும்." டீயைக் குடித்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா, டம்ளரை அவ்வளவு அழுத்தித் தேய்த்தேன், சாம்பல் நகத்துக்குள் ஏறிவிட்டது. ஒரு மனுசி ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்தினால் மீதி என்னவென்று கேட்க மாட்டார்களா. கேட்டால் சொல்லியிருப்பேனா. அதுவும் தெரியாது. போன வாரம் மாமா இவரிடம் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டேன். "ரெண்டு காய்ப்பு போச்சு. இதுவும் போச்சுன்னா பந்தலப் பிரிச்சிருவோம்டா பொன்ராமு, கல்லப் புடுங்கி வித்துட்டுத் தென்னைய வச்சுட்டுக் கெடப்போம்." இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்ப நான் திருப்பூருக்குப் போயிர்றேன்" என்றார். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லியிருக்கலாம். தென்னை காய்க்க ஐந்து வருசம். ஐந்து வருசம் இவர் அங்கே, மாமாவும் நானும் பாப்பாவும் இங்கே, பாப்பாவுக்குப் பேச்சு வந்துவிடும், பள்ளிக்கூடம் போய்விடும், அதன் பிறகு நானும் மாமாவும் எதை வைத்துப் பேசுவோம். இவர் முப்பது சதவீதம் முப்பது சதவீதம் என்று சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது, வரட்டும், அந்த எரிச்சல் எனக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருப்பூரில் போய் யாரிடம் சொல்வார் முப்பது சதவீதம். அங்கே மழையை யார் பார்க்கிறார்கள்.

அட, வெயில். கம்பிச் சந்து வழியாகப் பாப்பா சேலை மேல் விழுகிறது, மஞ்சளாக, ஐந்து நாளுக்குப் பிறகு. காற்றும் கொஞ்சம் வறண்டு வருகிறது, என் முழங்கை காய்கிறது, இலை நுனியில் சொட்டு சுருங்குகிறது. இப்படியே மத்தியானம் வரைக்கும் நின்றால் போதும். இலை காய்ந்து, மருந்து அடித்து, அது ஒட்டிக் காய இரண்டு மணி நேரம். இன்றைக்கு விட்டால் மறுபடியும் எப்போது வெயில் என்று அந்த மலைக்கே தெரியாது. பாரேன், நல்லது செய்தாலும் கேலி மாதிரித்தான் செய்கிறது இந்த வானம், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது பார்த்து வெயிலைத் திறந்துவிடுகிறது. கிள்ளு. திருப்பு. இது வெள்ளை. இதுவும். இது நல்லது, போகட்டும். இந்தக் கொத்தை மறைக்கிற இலை... இரு. இது என்ன. பிஞ்சு. கொத்தின் தோளில் நாலு பிஞ்சு பழுப்பாகச் சுருங்கி நிற்கிறது, தொட்டால் உதிர்கிறது, கையில் மிளகு மாதிரியே இருக்கிறது, காய்ந்த மிளகு. இலையில் இருந்தது கொத்துக்கு இறங்கிவிட்டது. இலையைக் கிள்ளி மடியில் மறைக்கலாம். கொத்தைக் கிள்ளி எங்கே மறைப்பது. கொத்தைக் கிள்ளினால் அப்புறம் இந்தப் பந்தல் எதற்கு. ஜக்கம்மா அக்கா என்னவோ பாட்டு முணுமுணுக்கிறாள், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் என் நெஞ்சு அடிக்கிறது பந்தல் கம்பி முழுக்க அதிர்கிற மாதிரிக் கேட்கிறது. மூன்று நாள். முந்தாநாளே அந்த ஏழு இலையைக் கொண்டுபோய் மாமா கட்டில் மேல் வைத்திருந்தால்கூடப் போதும், பேசவே வேண்டாம், வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் என்ன செய்தேன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மேலே கல்லை வைத்துவிட்டு வந்தேன். நோயை ஒளித்தால் போய்விடுமா. யாருக்காக ஒளித்தேன், பந்தலுக்காகவா, பாப்பாவுக்காகவா, எனக்குத் திட்டு விழாமல் இருக்கத்தானே. திட்டட்டுமே. இதுவரைக்கும் மாமா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை, பேசினால்தானே திட்டுவதற்கு. சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவேன். சாப்பாட்டுக்குள் மேகம் வந்துவிட்டால். இவர் வந்ததும் சொல்லிவிடுவேன். இவர் எப்போது வருவார், கம்பத்துக்குப் போனவர். குபேந்திரன் அண்ணனிடம் முதலில் சொல்லி அவரை விட்டு, வேண்டாம், அவரை ஏன் மாட்டிவிட, பாவம், பாப்பாவுக்காகச் செய்தவர், அவர் பேரை எடுக்காமல் எப்படிச் சொல்வது, மருந்து எப்படியோ படாமல் போய்விட்டது என்று சொன்னால் மாமா கேட்க மாட்டாரா, எப்படிப் படாமல் போகும் என்று, அப்போது நான் என்ன

"ஏத்தா! வேணி!"

மாமா. மோட்டார் ரூம் பக்கமிருந்து. பாப்பாவைக் கூப்பிடவில்லை, என்னையே கூப்பிடுகிறார், அவசரம் போல.

"பொன்ராம் போன எடுக்க மாட்டேங்கிறான்த்தா. இந்தா குபேந்திரன் பம்போட வந்து நிக்கிறான். நானும் அங்கிட்டு இங்கிட்டுப் பாத்துட்டேன், எலையெல்லாம் சுத்தமாத்தான இருக்கு, ஒரு புள்ளி இல்ல. அடுத்த வாரம் வாடான்னு அனுப்பிரவா? அங்கிட்டு எலை எப்படி இருக்குன்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போ."

ஒரு புள்ளி இல்லை. நான்தானே கிள்ளி எடுத்தேன், இருக்கிற புள்ளியை எல்லாம், ஒன்று விடாமல். ஜக்கம்மா அக்கா பாட்டை நிறுத்திவிட்டாள். குபேந்திரன் அண்ணன் என் பதிலுக்குக் காத்திராமல் பம்பை வண்டியில் தூக்கி வைக்கிற சத்தம் கேட்கிறது, கயிற்றை இழுத்துக் கட்டுகிறார், வண்டியை உதைக்கிறார், ஒரு உதை, இரண்டாவது உதை, அது பிடித்துவிட்டால் போய்விடும். கால் நடக்கிறது, என் கால்தான், தொட்டிலைத் தாண்டி, குனியாமல் போகிறேன், கம்பி தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது, இழுக்கட்டும். மாமா கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், என்னைப் பார்க்காமல் வழக்கம்போல வேறு பக்கம் பார்க்கிறார், தலையில் துண்டு இல்லை, முடி இவ்வளவு நரைத்திருக்கிறது, நான் இத்தனை நாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மடியை அவிழ்த்தேன். இலையெல்லாம் அவர் காலடியில் கொட்டுகிறது, வெள்ளைப் பக்கம் மேலாக.

"மாமா, அவுகள அனுப்பாதீக, இப்பவே அடிக்கச் சொல்லுங்க, வெயில் இருக்கு. எலை சுத்தமா இல்ல மாமா, நான்தான் மூணு நாளா கிள்ளிக் கிள்ளி ஒளிச்சேன், கொத்துக்கும் எறங்கிருச்சு. அந்த அண்ணன் மேல தப்பு இல்ல, போன தடவ தொட்டிலுக்கு மேல மருந்து அடிக்க விடாம நான்தான் தடுத்தேன்."